நாற்பத்தெட்டு நாள் நடை

சிந்தாமணி அக்காவின் காலுக்கு வந்தது சாமி குத்தம் என்று உடையார்பாளையத்தில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு வசதியாகத்தான் இருந்தது. பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். காலையில் பலகையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பாள், விரல் நுனியெல்லாம் கொட்டையின் பால் பட்டுக் கறுத்திருக்கும். அவள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். பெயர் ஷாலினி மேரி, சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர்.

அக்காவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் அவளுடைய அண்ணனுக்கு அதே சர்க்கரையால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அக்கா அடிக்கடி தன் காலைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். பயம் தாங்காமல் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும். பாதம் மரத்துப்போயிருக்கு, அதனால வீட்டுக்குள்ளகூட செருப்பில்லாம நடக்கக் கூடாது" என்றார் டாக்டர். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து அக்கா சொன்னாள்: "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ஓட வெக்கிறீங்கல்ல, என்னைய நடக்க வெக்க மாட்டீங்களா டீச்சர்?"

தலைகால் புரியவில்லை எனக்கு. மறுநாளே நல்ல ஷூ வாங்கிக் கொடுத்தேன். நடந்த நாளைக் காலண்டரில் வட்டம் போடச் சொன்னேன். முதல் மாதத்தில் பதினோரு வட்டம். ஒருநாள் மழை, ஒருநாள் பூலாம்பாடியில் வளைகாப்பு, ஒருநாள் சும்மாவே உடம்பு வணங்கவில்லை. அதையெல்லாம்விடப் பெரிது வெட்கம். சேலைக்குக் கீழே ஷூ தெரிய நடந்தால் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. "என்ன சிந்தாமணி, வேலவெட்டி இல்லாம எங்க கெளம்பிட்ட?" என்று ஒருத்தி. பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி, "ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்" என்பார்கள். ஒரு காரியமும் இல்லாமல் ஒரு பொம்பளை நடக்கிறாள் என்றால் யாருக்கும் விளங்கவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் வாசலில் நின்று விசில்கூட ஊதினேன்.

அப்புறம்தான் என் புத்தி வேலை செய்தது.

"அக்கா, இதையே ஒரு வேண்டுதலா எடுத்துக்கோங்களேன். நாப்பத்தெட்டு நாள். மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்துபோயி வெளக்கேத்திட்டு வாங்க."

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. "வேண்டுதல்னா நான் விட மாட்டேன் டீச்சர்" என்றாள். விடவும் இல்லை. தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, போக வர நாலரை கிலோமீட்டர். எங்கே போகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, பைக்கில் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆசிரியர்கள் அறையில் நான் பெருமை பீற்றிக்கொண்டேன். மனிதர்களைப் பழக்குவதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது என்று அறிவுரை வேறு. நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒன்பதாம் நாள், போட்டிகளுக்காகச் சீக்கிரம் கிளம்பியபோது அக்காவை ரோட்டில் பார்த்தேன். வெறுங்கால்.

"எங்கக்கா ஷூ?"

"ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டு ஷூ போட்டுக்கிட்டா நடப்பாங்க? நல்லா கேட்டீங்க போங்க" என்று சிரித்தாள்.

எனக்கு மட்டும் தெரியாதா? எங்கள் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களும் வெறுங்காலோடுதான் போகிறார்கள். அம்மாவோடு நானே இரண்டு தடவை போயிருக்கிறேன், கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு. என் கால் நல்ல கால், வலித்தது, அதனால் பார்த்து நடந்தேன். அக்காவின் காலுக்கு வலியே தெரியாது. டாக்டர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. ஆனால் ஷூ போடுங்கள் என்று வற்புறுத்தினால் வேண்டுதல் கெட்டது என்று மொத்தமாக நிறுத்திவிடுவாள். என் நாற்பத்தெட்டு நாள் போய்விடும். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், என் நாள் என்று.

"பாத்து நடங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

முப்பதாம் நாள் பரிசோதனையில் முந்நூற்றுப் பத்திலிருந்த சர்க்கரை நூற்றுத்தொண்ணூறுக்கு வந்திருந்தது. அக்கா ஒரு கை நிறைய முந்திரிப்பருப்பைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். அன்றைக்கு இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

நாற்பத்தோராம் நாள் சீமைக்கருவேல முள் ஒன்று இடது பாதத்தில் ஏறி ஒடிந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. தரையில் ரத்தக்கறையைப் பார்த்து வீட்டுக்காரர் செல்லதுரைதான் சொன்னார். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் நடந்தாள், அதற்கு மறுநாளும். நாற்பத்தைந்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் தூக்கிப் போட்டது, கால் கறுத்து வீங்கியிருந்தது. திருச்சியில் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

மூன்று நாள் பாக்கி வைத்ததால்தான் கால் போனது என்று ஊர் முடிவு கட்டியது. அக்காவும் படுக்கையில் கிடந்து அதையே சொல்லி அழுதாள். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க வூட்டுல அத நடக்க வெச்ச புண்ணியவதி நீங்க" என்று செல்லதுரை எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நேராக அக்காவிடம் போனேன்.

"ஆத்தா எடுக்கலக்கா. மரத்துப்போன கால வெச்சுக்கிட்டு செருப்பில்லாம நடந்ததாலதான். டாக்டர் அன்னிக்கே சொன்னாரு."

அக்கா கட்டுப் போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சொன்னாருல்ல... ஆத்தா நெனப்புல எனக்கு அது மறந்தே போச்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"ஞாபகம் இருந்துச்சுக்கா."

வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

"அப்ப தெரிஞ்சேதான் என்னைய நடக்க விட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.