யூனிட்டுக்கு வைத்த பொட்டு

எழுபதுகளில் அடையாறில் லாரி பட்டறை வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை டிரைவர் காதர் பாய் பதறிக்கொண்டு வந்தார். எஞ்சின் ஓடியும் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. வண்டியில் வடபழனிக் கல்யாணத்துக்கான அரிசி.

“பம்ப் போச்சு பாய்” என்று அடித்துச் சொன்னேன். அரைநாள் கழற்றிப் பார்த்தும் பம்பில் குறையே இல்லை. திரும்ப மாட்டியும் முள் அசையவில்லை.

பாய் எட்டிப் பார்த்தார். பிரஷரை அளக்கும் யூனிட்டில், ஒயர் மாட்டும் முனையில் சந்தனம் காய்ந்திருந்தது.

“இன்னா நைனா, இதுக்குமா பொட்டு வச்சே?”

முந்தின நாள் பூஜையில் ஒயரைக் கழற்றித் துடைத்து, பயபக்தியோடு பொட்டு வைத்தவன் நான்தான்; அது காய்ந்து கரண்டை மறித்திருந்தது. பாய் நகத்தால் சுரண்டி ஒயரை மாட்டினார், முள் எழுந்தது. கல்யாணத்துக்கு அரிசியும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆயுத பூஜையில் நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்ததும், பாய் அந்த யூனிட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். சிரித்தபடி அவர் புறங்கையில் சந்தனம் தடவினேன்.