பிரஸ் அக்காவின் புருவம்

சட்டையில் படம் ஒட்டுகிற பிரஸ் மெஷின் வாயை மூடியதும் பிரஸ் அக்கா இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே டீ-ஷர்ட் வெந்துகொண்டிருக்கும். பீப் என்று சத்தம் வந்ததும் கைப்பிடியைத் தூக்கி, துணியை இழுத்துப் பக்கத்து மேஜையில் போட்டுவிட்டு மறுபடியும் கையைக் கட்டிக்கொள்வார். படம் அச்சான பிளாஸ்டிக் ஃபிலிம் துணிமேல் ஒட்டியபடி கிடக்கும். எதிரே நிற்கிற வாடிக்கையாளருக்குக் கை துறுதுறுக்கும். அதை உரித்து, படம் எப்படி விழுந்திருக்கிறதென்று அந்த நிமிஷமே பார்த்தாக வேண்டும். நீளுகிற கையை அக்கா பட்டென்று தட்டிவிடுவார். மேனேஜர் கையா, மாணவன் கையா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

"ஆறட்டும். சூட்டுல உரிச்சா படம் துணிய விட்டுட்டு ஃபிலிமோடயே வந்துரும். அப்பறம் என்னைய வந்து கேக்கக் கூடாது."

புறங்கையை ஃபிலிம்மேல் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. சூடு முழுக்க அடங்கியபிறகுதான் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பு. அந்த இழுப்பில் அவசரமும் இருக்காது, தயக்கமும் இருக்காது.

இந்த 'ஆறட்டும்' கடையோடு நிற்பதில்லை. வீட்டுக்காரர் தன் தம்பியோடு சண்டை போட்டுவிட்டுப் போனைத் தூக்கினால், "ஆறட்டும்." மகள் காலேஜில் ஒரு பேப்பரில் கோட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தால், "மொதல்ல சாப்பிடு. ஆறட்டும், அப்பறம் உரிச்சுப் பாக்கலாம்." பக்கத்துக் கடைக்காரருக்கு மூட்டுவலி வந்தபோதுகூட இதையேதான் சொன்னார். அவருக்கு அது இன்னும் ஆறவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. அச்சடித்த சட்டையை எப்போதும் படம் உள்ளே போகும்படிதான் மடிப்பார். வெளியே வெறும் துணிதான் தெரியும். ஏன் என்று கேட்டால், "வாங்குறவங்கதான் மொதல்ல பாக்கணும். தெருவுல போறவங்களுக்கு என்ன வந்துச்சு?" என்பார்.

வீட்டில் நிலைமை வேறு. பிசகிப்போன சரக்கெல்லாம் அங்கேதான் வந்து சேரும். வீட்டுக்காரர் படுக்கும்போது போட்டுக்கொள்கிற பனியன் ஒரு பெண்கள் ஓட்டப்பந்தயத்துக்கு அடித்தது. சர்க்கரை இருப்பது ஒரு பல் டாக்டர் கோணலாகச் சிரிக்கிற மக்கில். பாத்திரம் துடைக்கிற துணி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஆண்டு விழா. தலைகீழாக விழுந்த சின்னத்தால் மேடைக்குப் போக வேண்டியது அடுப்படிக்கு வந்தது. அக்கா மட்டும் எப்போதும் ஒரே நிறத்தில், பூவோ கோடோ இல்லாமல்தான் உடுத்துவார்.

"நாள் பூரா அடுத்தவங்க பேரையும் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எம்மேலயாவது ஒண்ணும் இல்லாம இருக்கட்டும்."

தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். சட்டம் கட்டி, வலை இழுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை மை தேய்க்க வேண்டும். நூறு சட்டைக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. வந்தவர்களெல்லாம் கம்பெனிக்காரர்கள், சின்னத்தையும் பேரையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஃபிலிம் மெஷின் வந்த பிறகு ஒற்றைச் சட்டைகூட அடிக்கலாம் என்று ஆயிற்று. ஒற்றைச் சட்டைக்காரர் உள்ளே வந்தார். நூறு சட்டைக்காரர் வெப்சைட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஆளோடு பேச வேண்டாம், பட்டனைத் தட்டினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறதாம்.

கேட்கிற சரக்கும் மாறிவிட்டது. முன்பு ஒரு சினிமா வசனம் கிளம்பினால் மாசக்கணக்கில் சோறு போடும். இப்போது போனில் ஏதோ ஒரு கூத்து கிளம்புகிறது, மறுநாளே அதை மக்கில் போட்டுத் தா என்று வந்து நிற்கிறார்கள், மக் ஆறுவதற்குள் கூத்து பழசாகிவிடுகிறது. ஒற்றைக் காது முயல் ஒன்று ஊரிலுள்ள பையிலெல்லாம் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. அதை நம்பி அடித்துவைத்த சாவிக்கொத்துகள் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன. "முயலுங்கள எல்லாம் அடக்கம் பண்ணியாச்சு," என்று அந்த டப்பாவின் மேல்தான் அக்கா டீ டம்ளரை வைக்கிறார்.

கம்ப்யூட்டர் பக்கம் வீட்டுக்காரருடையது. நல்ல மனுஷன், கை மட்டும் கொஞ்சம் அவசரம். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டுமே என்று மெஷின் ஓடுவதைப் போனில் படம் பிடித்துப் போடுவார். அப்படி ஒருநாள் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏங்க, ஒட்டுறதெல்லாம் மிஷின்தானே? நீங்க சும்மாதானே நிக்கிறீங்க?"

அக்காவின் கண் மட்டும் சட்டையிலிருந்து அந்த ஆளுக்குப் போய், ஆளிடமிருந்து மெல்ல மேலே ஏறி, ஃபேனில் போய் நின்றது. அவருடைய இடது புருவம் நடுவில் அறுந்திருக்கும். சின்ன வயசில் குழாயடியில் விழுந்த தழும்பு. அந்த அறுந்த பாதி மட்டும் தனியாக ஒரு ஏறு ஏறி இறங்கியது.

வீட்டுக்காரர் அதையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

முதலில் சொன்னது மகள். "அம்மா, எங்க கிளாஸ் குரூப்ல நீ வந்திருக்க."

"நான் எங்கடி வந்தேன்? கடையிலதானே இருக்கேன்?"

மகள் போனைக் காட்டினாள். மெஷின் இல்லை, சட்டை இல்லை, அக்காவின் முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. கீழே ஒருவர் 'சம்பளம் அடுத்த வாரம்னு சொன்னப்ப நான்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர் 'மாமியார் போன் பண்ணும்போது நான்' என்று. எல்லாவற்றுக்கும் கீழே சிரிப்பாணி. ஊடே எவனோ ஒருவன் 'கிழவி செம காண்டுல இருக்கு' என்று போட்டிருந்தான். அக்கா அந்த வரியைத் தாண்டிப் படிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷின் மூடியின் பளபளப்பில் கொஞ்ச நேரம் தன் முகத்தைப் பார்த்தார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கடைக்கு நல்லதுன்னுதான்..." வீட்டுக்காரர் இழுத்தார்.

"மிஷினக் காட்டுங்க, மக்கக் காட்டுங்க. என் மூஞ்சிய எதுக்குக் காட்டுனீங்க? அது என் கழுத்துக்கு மேல இருந்தாப் போதும்."

மகள் குறுக்கே புகுந்து, "ஆறட்டும்மா," என்றாள். ஊரே பார்த்த அந்தப் பார்வை அவளுக்கு நேரிலேயே கிடைத்தது.

அப்புறம் அந்த முகம் எங்கும் நிற்கவில்லை. மற்ற கடைக்காரர்கள் அடித்துத் தள்ளினார்கள். போன் கவரில், தண்ணீர் பாட்டிலில், சாப்பாடு கொண்டுபோகிற வண்டிப் பெட்டியில் என்று எங்கு பார்த்தாலும் அக்கா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் பையில் தன்னையே பார்த்துவிட்டு, முந்தானையை முக்காடாகப் போட்டுத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்து வந்தார்.

அக்காவின் சொந்தக் கடையில் மட்டும் அந்தப் படம் கிடையாது. கேட்டு வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "அது இங்க அடிக்கிறதில்லீங்க," என்று அனுப்பிவிடுவார். பின்னால் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். கடையோ தள்ளாடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே பெரிய கம்பெனியும் வெப்சைட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது மெஷினுக்கு உறை போட்டாயிற்று. அதை விலைக்குக் கேட்ட ஒருவர் வந்து நீள அகலம் அளந்துகொண்டு போனார். அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்னார்: "நம்ம சரக்க ஊரே விக்குது. நாம மட்டும் வேடிக்க பாக்குறோம்."

"சரக்கா?" என்றார் அக்கா. அவ்வளவுதான். அந்தப் பேச்சை மனுஷன் பிறகு எடுக்கவே இல்லை.

ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி யூனிஃபார்மோடு ஒரு நர்சம்மா வந்தார். டியூட்டி முடிந்து வருகிற முகம், மாஸ்க் ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. வார்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் வேண்டும் என்று போனை நீட்டினார். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார், போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"இது இங்க..."

"என்ன படம்? காட்டுங்க," என்றார் அக்கா.

அவர் முகம்தான், ஆனால் அவர் முகம் இல்லை. மூக்கு கூராகியிருந்தது. தோல் வெளுத்து வழவழவென்று இருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு புருவமும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல முழுசாக இருந்தன.

"யாரும்மா இது?"

"தெரியலக்கா. ஒரிஜினல்ல யாரோ ஒரு வயசான அம்மா. போன்ல இருக்கற ஏஐகிட்ட இதே மாதிரி ஒண்ணு போடுன்னு சொன்னேன், அதுவே அழகா வரஞ்சு குடுத்துச்சு."

வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. நர்சம்மா அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தை ஆயிரம் தடவை பார்த்திருப்பார், ஆளைத் தெரியவில்லை.

"இத எதுக்கும்மா சட்டையில போட்டுக்கறீங்க? சிரிக்கிறதுக்கா?"

"சிரிப்பா? அட போங்கக்கா." நர்சம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. விடியக்காலைல இருந்து நாங்க ஓடுன ஓட்டம் அவருக்குத் தெரியாது. அப்பத்தான் ஒரு நிமிஷம் சுவத்துல சாஞ்சிருப்போம். 'இங்க யாருக்கும் வேலையே இல்லையா'ன்னு கேட்டுட்டுப் போவாரு. வாயத் தொறக்க முடியுமா? அவரு முதுகு மறைஞ்சதும் நாங்க ஒருத்தர ஒருத்தர் இப்படித்தான் பாத்துக்குவோம். அந்த ஒரு பார்வையிலதாங்க்கா மிச்ச டியூட்டிய ஓட்டுறோம்."

அக்கா போனிலிருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சாம்பிள் ஒண்ணு போடுங்க," என்றார்.

வீட்டுக்காரர் நம்பாமல் பார்த்தார். பிறகு படத்தை ஃபிலிமில் அச்சடித்து எடுத்தார். ஒட்டுப்பொடி தூவி உதறிக் கொடுத்தார். அக்கா அதைத் துணிமேல் வைத்து மெஷினை மூடினார். பீப் வந்தது. சட்டையை மேஜையில் போட்டார். ஆவி பறந்தது. கையைக் கட்டிக்கொள்ளவில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரு மூலையைக் கிளப்பி, சர்ரென்று இழுத்தார்.

"ஐயய்யோ, சூட்டுல..." என்று பாய்ந்து வந்தார் வீட்டுக்காரர்.

"தெரியும்."

கண்ணும் மூக்கும் புருவமும் ஃபிலிமோடு வந்துவிட்டன. துணியில் அரை வாய் மட்டும் மிஞ்சியது. அக்கா ஃபிலிமைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இந்தப் புள்ளைக்கு நீங்க சொல்ற பார்வ வராதும்மா. இது நின்னு வேல பாத்த மூஞ்சி இல்ல."

நர்சம்மா அப்போதுதான் நிமிர்ந்து அக்காவை நன்றாகப் பார்த்தார். இடது புருவத்தில் வந்து கண் நின்றது. கை தானாக வாயைப் பொத்தியது.

"அக்கா... நீங்களா? ஐயோ, வயசான அம்மான்னு வேற சொல்லிட்டேனே!"

"சொன்னீங்க. அதுக்குத் தனி சார்ஜு." அக்கா சிரிக்காமல் சொல்லிவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "நீங்க எடுத்தீங்கல்ல, அந்த வீடியோவ எடுங்க. அதுல இருந்தே அடிப்போம்."

வீட்டுக்காரர் மவுஸைப் பிடித்து அந்த வீடியோவைத் திறந்தார். சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகப்படியாகப் போனார்: "கண்ணுக்குக் கீழ இருக்கற கருப்ப மட்டும் லேசாக் கொறச்சிரவா?"

பதிலுக்குப் பார்வை வந்தது. நர்சம்மா அதை நேரில் பார்த்துவிட்டு ஸ்டூலில் குலுங்கிச் சிரித்தார்.

"எதுலயும் கைய வைக்காதீங்க. புருவத்தத் தொட்டீங்க, அவ்வளவுதான்."

மறுபடியும் மெஷின் வாயை மூடியது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்து நர்சம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சட்டை மேஜைக்கு வந்ததும் அக்கா புறங்கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். ஆறியபிறகு ஒரே இழுப்பு. சுருக்கம், கருவளையம், அறுந்த பாதிப் புருவம் எல்லாம் ஒரு புள்ளி குறையாமல் துணியில் உட்கார்ந்திருந்தன.

அக்கா கைப்பகுதி இரண்டையும் பின்னால் தள்ளி, வழக்கம்போல் படத்தை உள்ளே வைத்து மடித்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பிரித்தார். முகம் வெளியே வரும்படி மறுபடியும் மடித்து, தெருவைப் பார்த்த அலமாரியில் கொண்டுபோய் வைத்து, புருவத்தின்மேல் இருந்த ஒரு நூல்பிசிறை நகத்தால் எடுத்துவிட்டார்.