வைத்தியரின் நனையாத வேட்டி

மாமா ஒரு கொலையை ஆறு மாதம் இழுப்பார். பகலில் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். மற்ற நேரமெல்லாம் நாயக்கர் காலத்தில் இருப்பார். வாரப் பத்திரிகை ஒன்றில் அவருடைய சரித்திரத் துப்பறியும் கதை தொடராக வந்துகொண்டிருந்தது. அம்மா துவாக்குடியில் மாணவர் விடுதியொன்றில் சமையல் வேலை பார்த்து அங்கேயே தங்கியதால், காட்டூரில் மாமா வீட்டில் என்னை விட்டிருந்தாள். எனக்குப் பத்து வயது. மாமா மகளுக்கும் பத்து. அவளுக்கு அப்பா இருந்தார். அதுவும் கதை எழுதுகிற அப்பா. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்காது.

ஞாயிறு காலையில், தபாலில் போடுவதற்கு முன், அந்த வாரத்து அத்தியாயத்தை மாமா எங்களுக்குப் படித்துக் காட்டுவார். கடைசி அத்தியாயத்துக்கு முந்தின வாரம் போட்டி. கொலைகாரனைச் சரியாகச் சொல்பவளை ஸ்ரீரங்கம் அழைத்துப்போவார். கதையில் ஒருவன் ஓடினால் நேரம் பிசகக்கூடாது என்று, கோபுரத்துக்குக் கோபுரம் நடந்து அடி எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். கூடப் போகிறவள்தான் எண்ண வேண்டும். ஒரே ஒரு நாள் அவர் பக்கத்தில் நான் எண்ணிக்கொண்டு நடக்க வேண்டும் என்று தவம் கிடந்தேன்.

கதை இதுதான். கொள்ளிடக் கரை விடுதியில் முத்து வியாபாரி செத்துக் கிடக்கிறான். வெளியே கொட்டும் மழை. அக்கரையிலிருந்து வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, விஷம் என்கிறார். விடுதியில் ஒதுங்கியிருந்த ஓடக்காரன் உட்பட எல்லோரையும் நாயக்கரின் தளபதி விசாரிக்கிறான்.

“ஓடக்காரன்தான்ப்பா,” என்றாள் மாமா மகள். அவனுக்குப் பெரிய மீசை என்பது தவிர வேறு காரணமில்லை.

“வைத்தியர்தான் மாமா,” என்றேன். “மழைல வந்தவரு வேட்டி மடிப்பு கலையாம உக்காந்தாருன்னு படிச்சீங்களே. நனைஞ்ச வேட்டில மடிப்பு எப்படி நிக்கும்? அவரு முன்னாடியே விடுதிக்குள்ளதான் இருந்திருக்காரு.”

என்னிடம் இரண்டு பாவாடைதான். மழைக்காலத்தில் ஈரத்தோடுதான் பள்ளிக்கூடம் போவேன். துணி விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது.

“கதை கேளுடின்னா துணி காயப்போடுறா பாரு!” என்று அத்தை சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு, தளபதி அதட்டியதும் ஓடக்காரன் காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மாமா மகள் குதித்தாள். நானும் வருகிறேன் என்றேன்.

“ஜெயிச்சவங்களுக்குத்தான்மா. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல,” என்றார் மாமா.

அவள் செருப்பு வார் அறுந்து பாதி வழியில் திரும்ப வேண்டுமென்று அந்த ரங்கநாதரையே வேண்டிக்கொண்டேன். அத்தை வெந்நீர் போடச் சொன்னாள். அடுப்பு பற்றவைக்க மாமாவின் மேசைக்கடியில் கிடக்கும் கசங்கிய தாள்களைத்தான் எடுப்போம். பிரித்தால் கடைசி அத்தியாயம். வைத்தியர் பிடிபட்டு நிற்கிறார். தளபதி அவருடைய காய்ந்த வேட்டியைக் காட்டுகிறான். நான்கு தாளிலும் குறுக்கே கோடு.

மாமாவும் முதலில் என்னைப் போலவே தப்பாக யோசித்திருக்கிறார், படித்தவர் என்பதால் திருத்திக்கொண்டார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு முடிவு தெரிந்துவிட்டால் எழுதியவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கிற வயதில்லை. நான்கையும் எரித்தேன். தண்ணீர் நன்றாகச் சுட்டது.

சாயங்காலம் வந்தவள், “நான் எண்ணுனதத்தான்டி அப்பா நோட்ல எழுதினாரு. மசால் தோசை வேற!” என்றாள். அன்று அவளோடு ஒரே பாயில் படுக்க மறுத்து வெறுந்தரையில் படுத்தேன். நஷ்டம் எனக்குத்தான்.

புதுத் தொடர் தொடங்கியது. மாமா தாள்களை எடுக்கும் நேரத்தில் என்னை மாவு அரைக்க மில்லுக்கு அனுப்பிவிடுவார். மக்குக்குக் கதை எதற்கு என்று நினைக்கிறார் போலும் என்று நம்பினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோதும், பிறகு ஊர் ஊராக வேலை தேடிப் போனபோதும் அதே நம்பிக்கைதான்.

அந்தப் புதுத் தொடர் ஓடிய நாட்களில் ஒரு ஞாயிறு மில்லில் கூட்டமில்லை, சீக்கிரம் திரும்பிவிட்டேன். என்னைக் கண்டதும் மாமா படிப்பதைப் பாதியில் நிறுத்தி, தாள்களைச் சட்டென்று கவிழ்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். மாவு பட்டுவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்து, வாசலிலேயே நின்று பாவாடையை நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டேன்.