செல்லம்மா ராகம் போட்டுப் படித்த காகிதம்

ஊரப்பாக்கத்தில் அதிகாலை மின்சார ரயில் ஏறி, நான்கு ஸ்டேஷன் தள்ளி மறைமலை நகரில் இறங்குவதற்குள் நின்றுகொண்டே ஒரு தூக்கம் போட்டுவிடுவாள் செல்லம்மா. வயது நாற்பத்து மூன்று. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை. கம்பெனி ஆள் அல்ல, கான்ட்ராக்டர் ஆள். பதினான்கு பெண்கள் சேர்ந்து மூன்று ஷெட்டும் பதினெட்டு கக்கூஸும் கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்தால் புருஷன் அந்தோணிசாமி, கொத்தனார், சிமென்ட் தூசியை இருமிக்கொண்டு படுத்திருப்பார். மனுஷி அலுத்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அலுக்காமல் இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு கேசட். தாம்பரம் பக்கத்துச் சர்ச்சுகளில் ஆர்மோனியம் வாசித்துப் பாடும் ஜெபராஜ் என்பவர் தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள் அதில் இருந்தன. பெரிய பாடகர் என்று சொல்லிவிட முடியாது. குரலைத் தூக்கினால் கிறீச்சிடும். ஆனால் அவர் பாட்டில் வரும் கடவுள், களைத்துப்போன ஆளைப் பார்த்து முதலில் உட்காரச் சொல்வார். செல்லம்மாவை அப்படி யாரும் உட்காரச் சொன்னதில்லை. உலை கொதிக்கும் நேரமெல்லாம் அதைக் கேட்டாள். ஐந்து வருஷத்தில் அத்தனை பாட்டும் மனப்பாடம்.

இரண்டாயிரத்து ஐந்து மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து டேப் ரிக்கார்டரும் போனது, கேசட்டும் போனது. கேசட் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த, பாட்டு வரிகள் அச்சடித்த அட்டையை மட்டும் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். பள்ளிக்கூடத்து வாசல் மிதித்தவள் அல்ல அவள். ரயில் நேரமும் பஸ் நம்பரும் பார்க்கிற அளவுக்கு எண் மட்டும் தெரியும். ஆனாலும் பாட்டு இல்லாத வீடு தாங்கவில்லை. அட்டையை விரித்து, வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு பாடினாள்.

விரல் ஒரு பக்கம் போனது, பாட்டு ஒரு பக்கம் போனது. ஜெபராஜ் சில வரிகளை இரண்டு தரம் பாடுவார், அட்டையில் ஒரு தரம்தான் அச்சடித்திருந்தது. பாட்டு மிஞ்சியது, எழுத்து தீர்ந்தது. வரிக் கடைசியில் அடைப்புக்குள் கிடந்த 2 என்ன என்று பல நாள் யோசித்தாள். ஒரு நாள் சோறு வடிக்கும்போது புரிந்துவிட்டது. அந்த வரியை இரண்டு தரம் பாட வேண்டும், அவ்வளவுதான். கஞ்சித் தண்ணீர் கையில் பட்டதைக்கூட அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து விரலும் பாட்டும் ஒன்றாக நடந்தன.

இரண்டு வருஷம் பிடித்தது. ஸ்டேஷன் போர்டு, சீயக்காய்ப் பாக்கெட், சுவர் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டினாள். ஒரே ஒரு சங்கடம், பாடாமல் படிக்க வரவில்லை. எதுவானாலும் ஜெபராஜ் மெட்டில் முணுமுணுத்தால்தான் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இந்த வயதில் இது என்ன கூத்து என்று வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டு கடைசியில் கார் வியாபாரம் படுத்தது. ஷெட்டில் பாதி மிஷின் சும்மா நின்றது. ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் வில்பிரட் அச்சடித்த காகிதக் கட்டோடும் மைப்பெட்டியோடும் வந்தான். புது யூனிபார்முக்கான காகிதம், எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டுப் போங்கள் என்றான். படித்தவர் யாரும் அந்தப் பதினான்கு பேரில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். வரிசையில் முதல் ஆள் சுந்தரவல்லி, இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்பவள். அவளும் பின்னால் நின்ற இரண்டு பேரும் கைநாட்டு வைத்து முடித்தார்கள். நான்காவது செல்லம்மா. காகிதத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னாக்கா, போட்டோவா ஒட்டியிருக்கு? வெச்சிட்டுப் போக்கா" என்றான் வில்பிரட்.

அவள் பாட ஆரம்பித்தாள். வேறு வழி தெரியாது, என்ன செய்வாள். 'நான் என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஜெபராஜின் நான்காம் பாட்டு மெட்டில் மெல்ல இழுத்தாள். பெண்கள் சிரித்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு சொல்லில் அவள் விரல் நின்றது. விலகுவது என்ற சொல் அந்த நான்காம் பாட்டிலேயே இருந்தது. அங்கே கடவுள் விலக மாட்டேன் என்றார். இங்கே செல்லம்மா விலகுகிறேன் என்று எழுதியிருந்தது. 'வேலையை விட்டு விலகுகிறேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று ராகத்தோடு முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

வில்பிரட் மேஜை மேல் இருந்த மூன்று காகிதங்களை எடுக்கக் கை நீட்டினான். சுந்தரவல்லி முந்திக்கொண்டாள். மூன்றையும் அள்ளி, பக்கத்தில் இருந்த பினாயில் பக்கெட்டில் போட்டு, மாப்பால் ஒரு குத்து குத்தினாள். மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

வேலை நின்றது, அதாவது நிலைத்தது. தானாக விலகாதவர்களை அனுப்பினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமே என்று கான்ட்ராக்டர் வேறு வழியில்லாமல் வைத்துக்கொண்டார். ஆனால் மிக மோசமான பெயின்ட் ஷெட் கக்கூஸ்கள் அத்தனையும் செல்லம்மா தலையில் விழுந்தன. போதாக்குறைக்கு ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கூல் நோட்டீஸ் என்று எல்லோரும் அவளிடம் வந்தார்கள். ரயிலில் போட்ட அந்தக் குட்டித் தூக்கமும் போனது. அலுப்புதான், ஆனால் அந்த அலுப்பில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அடுத்த வருஷம் ஊரப்பாக்கம் சர்ச்சில் ஒரு ஞாயிறு மதியம் ஜெபராஜ் பாட வந்தார். தலை நரைத்துவிட்டது, குரலைத் தூக்கவே முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, என் பாட்டால் யாருக்காவது வாழ்க்கை மாறியிருந்தால் சாட்சி சொல்லலாம் என்றார். ஒருவர் குடியை விட்டதைச் சொன்னார். ஒரு அம்மா பிள்ளை பிறந்ததைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் சபையே அல்லேலூயா என்று அதிர்ந்தது. கூட வந்திருந்த சுந்தரவல்லி முழங்கையால் இடித்தாள். செல்லம்மா எழுந்து போனாள். கையில் நைந்துபோன அட்டை.

"எந்தப் பாட்டும்மா உங்களத் தொட்டுச்சு?" என்று கேட்டார் ஜெபராஜ்.

"அதெல்லாம் தெரியலீங்க அய்யா. உங்க அட்டையிலதான் எழுத்து கத்துக்கினேன். ஒரு நாளு வேலைய விட்டுப் போறேன்னு கைநாட்டு வெக்கச் சொன்னாங்க. பாடிப் பாத்தேன். வெக்கல. பதினாலு பேரும் இன்னும் வேலையில கீறோம். அவ்ளோதாங்க."

சபைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நோய் குணமாகவில்லை, பிள்ளை பிறக்கவில்லை, இதை எதில் சேர்ப்பது. ஜெபராஜ் அட்டையை வாங்கி, தான் எழுதிய வரிகளின் மேல் பதிந்திருந்த விரல் கறையைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார்.

செல்லம்மா உட்கார்ந்தாள். கடைசி வரிசையில் குங்குமப் பொட்டோடு நின்ற சுந்தரவல்லிதான், எப்போது சொல்ல வேண்டும் என்று தெரியாமலே, சத்தமாக அல்லேலூயா என்றாள்.