அடியில் இருக்கிற மொட்டை

மலைமேல் முடி எடுக்கிற இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கத்தி பிடித்தவன் நான். பள்ளிக்கூடம் தெரியாது, தலை தெரியும். சப்பை மண்டை, தேங்காய் மண்டை, பின்பக்கம் பலகை வைத்து அடித்தது போன்ற மண்டை, எல்லாம் என் கைவழியாக வந்து போயிருக்கின்றன. இரட்டைச் சுழிக்காரன் குனிந்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஊரையே மிரட்டுகிற ஆளாக இருப்பான். தன் உச்சியில் என்ன இருக்கிறதென்று சாகிறவரை பார்த்திருக்க மாட்டான்.

ஒரு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் குழந்தை ஒன்றின் காதோரம் என் கத்தி பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் கை நடுங்கியது எனக்குத் தெரியும். அன்றோடு மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டில் சும்மா கிடந்தவனுக்கு, பாட்டுக் கேட்கச் சொல்லி மகள் தன் பழைய டேப்லெட்டைக் கொடுத்தாள். கொஞ்ச நாள் பாட்டுக் கேட்டேன். பிறகு அதன் திரையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். நடுங்கி நடுங்கிப் போட்டாலும் கோட்டை அதுவே சரி செய்துவிடுகிறது. கத்திக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது. ஞாபகத்திலிருந்த தலைகளையெல்லாம் வரைந்தேன். அத்தனையும் சந்தனம் பூசிய மொட்டைகள்.

தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற மகள், அவற்றை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அப்புறம்தான் தொல்லை.

“நைனா, அஞ்சாறு பேரு கேட்டுகினு கீறாங்க. காசு வாங்கிகினு வரைஞ்சி குடேன்.”

“இன்னா வரையணுமாம்?”

“அவங்க மூஞ்சிதான்.”

“அவங்க மூஞ்சியா? நல்லா கேட்டுப் பாரு.”

கேட்டாள். ஒருவனுக்குக் கறுப்பைக் குறைக்க வேண்டுமாம். ஒருத்திக்குக் கழுத்தில் இல்லாத காசுமாலை. இன்னொருவன், பக்கத்தில் நிற்கிற மொபெட்டைக் காராக்கச் சொன்னான். சொந்த மூஞ்சிக்கே பயப்படுகிற ஜனம். நானும் யோக்கியனில்லை. கல்யாணமான புதிதில் அரக்கோணத்தில் ஸ்டுடியோக்காரனின் கோட்டைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தவன்தான். கோட்டின் கை ஒரு சாண் அதிக நீளம், விரலே வெளியே தெரியாது. அந்தக் கோமாளியைப் பார்த்த பிறகும் இந்த வேலைக்குப் போவதா?

வேண்டாம் என்றே சொல்லிவந்தேன். மகளுக்கு ஆசை. எனக்கும் உள்ளுக்குள் இருந்தது, வெளியே சொல்லவில்லை. மறுபடியும் ஒரு ஆள் என் கையை நம்பித் தலையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதுதான் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தறிக்காரர் பெண்சாதியோடு வந்தார். தங்கள் சின்ன மகளுக்கு வந்த காய்ச்சல் இறங்கினால் மூன்று பேரும் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு, கொடுத்துவிட்டும் வந்திருந்தார்கள். போனில் படத்தைக் காட்டினார். மூன்று மொட்டை. நடுவில் குழந்தை குனிந்து அழுதது.

“புது வூட்ல மாட்றதுக்கு, பெர்யவரே. மூணு பேருக்கும் முடி வெச்சிடுங்க.”

“மேல சாமிக்குக் குட்த்துட்டு, கீழ வந்து என்கிட்ட திருப்பிக் கேக்கறியா?”

“சாமி ஒண்ணும் சொல்லாதுங்க. மச்சான்தான் பாக்கறப்பல்லாம் கிண்டல் பண்ணுவான்.”

“அப்போ வேண்டுதல மச்சான்கிட்டயே வெச்சிருக்கலாம்.”

அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். என் மகள் என்னை முறைத்தாள்.

“லேயர்ல போடு நைனா. முடிய மட்டும் தனியா மேல வெச்சிக்கலாம்.”

லேயர் என்றால் கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றின்மேல் ஒன்று வைத்து வரையலாம், வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். இந்த ஒன்றோடு முடிந்தது என்று சொல்லிவிட்டு, முதலில் மூன்று மொட்டைகளையும் வரைந்தேன். அதன்மேல் வேண்டா வெறுப்பாக முடி வைத்தேன்.

அடுத்த வாரம் வந்து பார்த்தார்கள். தறிக்காரருக்குப் பரம திருப்தி. “எனக்கு மட்டும் முன்னால கொஞ்சம் தூக்கி வுடுங்க” என்றார். சீப்பு ஒன்றுதான் கேட்கவில்லை. தூக்கிவிட்டேன்.

போன் வந்து அவர் வாசலுக்குப் போனார். நான் முடித் தாளை மறைத்தேன். மலையில் தலைக்குத் தலை தண்ணீர் தெளித்துத் தேய்த்து எடுத்த வேலை, ஒரு விரலில் முடிந்தது.

அந்தம்மா குனிந்து பார்த்தாள்.

“ஆங். இதான் எம் பொண்ணு. ரெட்டச் சுழி கூட வெச்சிருக்கீங்க. முடியோட இருந்தது யாரு வூட்டுப் பொண்ணோ.” வாசலைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். “அவருக்கு அத அனுப்புங்க. எனக்கு இத அனுப்புங்க. சொல்லிகினு இருக்காதீங்க.”

அவர்கள் போன பிறகு மகள் கேட்டாள்.

“ஆர்டர் எடுக்கலாமா நைனா?”

“எடு. முடி, மால, காரு, எவனுக்கு இன்னா வேணுமோ மேல வெச்சி வுடறேன். அடியில மொட்டதான் வரைவேன்.”

“அது அவங்களுக்குத் தெரியாதே.”

“அவங்க உச்சியில கீற சுழி மட்டும் தெரியுதா?” என்றேன்.