சம்பந்திக்கு வறுத்த குஞ்சு சாளை

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் வருங்கால மாமியார், மலையாளியான ஷோபனா, எங்கள் கழக்கூட்டம் ஃப்ளாட்டுக்குச் சாப்பிட வந்தார். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம்.

நாஞ்சில் நாட்டுக்காரிக்குப் பதற்றம் வந்தால் என்ன செய்வாள்? மீன் வறுப்பாள்! விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு சாளை, மத்தி என்பீர்களே அதுதான்... தலையோடு, முள்ளோடு, மொறுமொறுவென்று. எங்கள் வீட்டுப் பெருமையே அதுதான்.

ஷோபனா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அப்படியே திருப்பி வைத்துவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது — அவர் மீன்வளத் துறை அதிகாரி! அளவு குறைந்த மீனைப் பிடித்து வருகிறார்களா என்று படகு படகாகப் பார்ப்பதே அவர் உத்தியோகம். மகள் சொல்லித்தான் இருந்தாள். சமையல் மும்முரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.

"மீன்காரர் சின்னதாப் போட்டுக் குடுத்துட்டாரு சேச்சி" என்றேன். பச்சைப் பொய்.

"நீதானேம்மா குஞ்சு சாளையே வேணும்னு ஃபோன் பண்ணினே?" என்றாள் மகள். பாவி!

சமாளிக்கப் பார்த்தேன். "கடலே சூடாயிட்டு வருது... மீன் அதனாலதானே குறையுது?" போன மாதம் இதே பக்கத்தில் அதைப் பற்றி ஆவேசமாக எழுதியவள் ஆயிற்றே நான்!

"அதுவும் உண்டு, கேட்டோ" என்றார் ஷோபனா மெதுவாக. "ஒரு வருஷம் கடல் சரியில்லேன்னா குஞ்சு பிழைக்காது. வளர்ந்த மீன் மிச்சம் இருந்தா அடுத்த வருஷம் முட்டை போட்டு ஈடு கட்டிடும். கட்டுப்பாடெல்லாம் அதுக்குத்தான். முட்டையே போடாத குஞ்சை நாம வறுத்துத் தின்னுட்டா, எதை வச்சுத் தாங்கும்?"

கோபமாகத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. புளிசேரி என்னும் மோர்க்குழம்பை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. பொய் சொன்னதற்கு மட்டுமல்ல... போன மாதக் கட்டுரையில் படகுக்காரரைத் திட்டினேன், புகை கக்கும் கம்பெனிகளைத் திட்டினேன். ஃபோன் போட்டுக் குஞ்சு மீன் கேட்கிற என்னை மட்டும் ஏன் விட்டுவிட்டேன்? நம்மைப் போல நாலு பேர் கேட்காவிட்டால் அதை யார் பிடிக்கப் போகிறார்கள்?

புறப்படும்போது ஷோபனா வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுவீட்டு விருந்துக்கு மீன் மட்டும் நானே வாங்கிட்டு வரேன், கேட்டோ."

சம்மதம் சொல்லிவிட்டார்! மகள் துள்ளிக் குதித்தாள். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

கல்யாணம் பேசி முடித்தால் பெண்தான் தலைகுனிவாள் என்பார்கள். எங்கள் வீட்டில் குனிந்தது பெண்ணின் அம்மா!