எவேலியோ பார்க்காத திரை

நெரெய்தாவுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தொரு வருடத்தை ஹவானாவின் பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்தியே கழித்தவள். கண்ணில் பட்ட எதையும் திருத்தாமல் விடமாட்டாள். மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, இரங்கல் அறிவிப்பு, எதுவும் அவள் பென்சிலுக்குத் தப்பியதில்லை. அச்சகத்தில் முதலில் காகிதம் தீர்ந்தது, பிறகு வேலையும் தீர்ந்தது. இரண்டு வருடம் வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தவளுக்கு, மெக்ஸிகோவில் மெரிதா நகரத்துப் பதிப்பகம் ஒன்று மூன்றாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திருத்தக் கொடுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் அறுபத்து நான்கு பக்கமும் போய்ச் சேர்ந்தால் வேலை நிரந்தரம். சேராவிட்டால்? "இங்கேயே யாராவது பார்த்துக்குவாங்க, நீங்க கவலையே படாதீங்க" என்று அங்கிருந்த பதிப்பாசிரியை மிக இனிமையாகச் சொல்லியிருந்தாள். அந்த இனிமையைத்தான் நெரெய்தா நம்பவில்லை.

பக்கங்கள் திங்கட்கிழமை காலையிலேயே தயார். அனுப்பத்தான் முடியவில்லை. படங்களோடு சேர்ந்து யானைக் கனம் கனத்த அந்தக் கோப்பை மின்னஞ்சல் தாங்காது. பதிப்பகத்தின் உள் கோப்புறையில் அவளே கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கென்று வி.பி.என். ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து மெரிதா அலுவலகத்துக்குள் நேராக நுழையும் தனிப் பாதை என்றார்கள். கைப்பேசியின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. 'இணைக்கப்பட்டது' என்று எழுத்தும் வந்தது. கோப்புறையைத் திறந்தால் மட்டும் வட்டம் சுற்றிற்று, சுற்றிற்று, கடைசியில் 'சர்வர் பதிலளிக்கவில்லை' என்றது. இணைந்துவிட்டது, ஆனால் பதில் இல்லை. முப்பது வருடக் கல்யாணத்தில் அவள் பார்க்காத விஷயமா இது?

அந்தக் கல்யாணத்தின் மறுபாதி, கணவர் எவேலியோ, அதே அறையில்தான் இருந்தார். தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்து ஓய்வு பெற்றவர். பேட்டையின் தெருவலைக்கு அவர்தான் தலைவர். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பி இழுத்து வீடுகளை இணைத்த வலை அது. பையன்கள் அதில் விளையாடினார்கள், பெண்கள் தொடர் பார்த்தார்கள், மூட்டுவலியால் நாலு மாடி இறங்க முடியாத எவேலியோ தினமும் மூன்று பழைய சிநேகிதர்களோடு திரையிலேயே டோமினோ என்ற புள்ளிக்கட்டை ஆட்டம் ஆடினார். தெருவலைக்கு ஒரே ஒரு கறாரான சட்டம் உண்டு: அதில் இருக்கும் கம்ப்யூட்டரில் இணையம் கலக்கக் கூடாது. கலந்தது தெரிந்தால் அதிகாரிகள் வந்து மொத்தக் கம்பியையும் சுருட்டிக்கொண்டு போவார்கள் என்ற பயம். கலந்தவனுக்கு முப்பது நாள் துண்டிப்பு. போன வருடம் இரண்டாம் மாடி ஒஸ்மானியை எவேலியோவே துண்டித்தார். ஒஸ்மானியின் மகளுக்கு ஞானத்தந்தையும் அவரேதான்.

ஆகவே திங்கட்கிழமை மனைவி கைப்பேசியை அதே கம்ப்யூட்டரோடு இணைத்தபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஆடும் நாற்காலியைத் திருப்பி, பால்கனியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"நான் எதையும் பார்க்கலை."

"அப்ப பார்க்காமலே சொல்லு கிழவா, ஏன் திறக்க மாட்டேங்குது?"

"பார்க்காதவன் எப்படிச் சொல்றது?"

செவ்வாய்க்கிழமை அவள் கைப்பேசியில் சிம் கார்டை மாற்றினாள். புதன்கிழமை சிக்னலுக்காக அதை ஜன்னல் விளிம்பில், பூந்தொட்டி மேல், கடைசியில் தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்தாள். வியாழக்கிழமை வி.பி.என்னை அழித்து மறுபடி ஏற்றினாள், இரண்டு தடவை. மாதம் முழுக்க வரவேண்டிய டேட்டாவில் பாதி அதிலேயே கரைந்தது. இருபது வருடம் கம்பியோடு மல்லுக்கட்டிய மனிதர் மூன்றடி தூரத்தில் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நெரெய்தாவுக்கு அந்த முதுகைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட எரிச்சல், எல்லாரும் கையில் தயாராக வைத்திருந்த ஒரே பதில். ஆசிரியை சொன்னாள், தோழி சொன்னாள், பதிப்பகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் வில்பெர்த்தும் சொன்னான்: "உங்க நாட்டு இணையம் அப்படித்தாம்மா."

"என் நாட்டை விடுப்பா. பச்சை விளக்கு எரியுதுல்ல? உன் கோப்புறை ஏன் வாயைத் திறக்கலை, அதைச் சொல்லு."

"அந்தக் கம்ப்யூட்டர்ல வேற நெட்வொர்க் ஏதாவது இருக்கா?"

"வேற இன்டர்நெட்டுக்கு நான் எங்க போவேன்? இந்த ஒரு போன்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் செருகியிருந்த சாம்பல்நிறக் கம்பியை அவள் ஒருநாளும் நெட்வொர்க் என்று நினைத்ததில்லை. அது எவேலியோவின் டோமினோ, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை. நாலு மணிக்கு அவர்கள் பகுதியில் மின்வெட்டு, ராத்திரி பத்துக்குத்தான் திரும்ப வரும். வில்பெர்த் போனில் கடைசி முயற்சியாக ஒன்று சொன்னான்: "கோப்புறையை விடுங்க. எங்க சர்வரோட முகவரியை பிரவுசர்ல அடிங்க. பத்துல ஆரம்பிக்கும், நான் சொல்றேன்." அவள் எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள்.

பக்கம் உடனே திறந்தது. நாலு நாளில் முதல் முறையாக ஏதோ ஒன்று திறந்தது.

"என்னம்மா தெரியுது?"

"டோமினோ."

"என்னது?"

"டோமினோப்பா. 'எவேலியோவின் மேசை. மூன்று பேர் தயார். நாலாவது ஆள் எங்கே?'ன்னு போட்டிருக்கு."

வில்பெர்த் அடித்த எண்ணை மறுபடி படிக்கச் சொன்னான். பிறகு திரையில் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறக்கவைத்து, ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னான். கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் பட்டியலாகக் கொட்டியது. நெரெய்தாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் வரிவரியாகப் படிக்கத் தெரியும், ஒரே சங்கதி இரண்டு தடவை வந்தால் முப்பத்தொரு வருடக் கண்ணுக்குத் தப்பாது. பென்சில் நுனி திரையில் நின்றது.

"ஒரே மாதிரி எண்ணுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு இங்கேயே எங்கேயோ."

"அந்த ரெண்டாவது வரி யாரோ நிரந்தரமா எழுதி வெச்சதும்மா. நீங்க அனுப்பினது எதுவும் கடலே தாண்டலை, உங்க மொட்டைமாடிக்குத்தான் போயிருக்கு. அதை நீக்கணும்னா பாஸ்வேர்டு கேக்கும்."

நெரெய்தா தன் நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

"கிழவா, பத்துல ஆரம்பிக்கிறதையெல்லாம் மாடிக்கு அனுப்புன்னு இதுல எழுதினது யாரு?"

முதுகு அசையவில்லை. "வலை போட்ட வருஷம் எழுதினேன். டோமினோ மேசை இருக்கிற கம்ப்யூட்டர் என் கூட்டாளி பீப்போ வீட்டுல இருக்கு. அதுக்கும் பத்துல ஆரம்பிக்கிற எண்தான். அந்த வரி இல்லைன்னா இங்கேர்ந்து அங்க போக முடியாது."

"நாலு நாளா நான் செத்துக்கிட்டிருக்கேன்! நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை! உன் சட்டத்துக்காக உட்கார்ந்தியா, என்னைக் கொல்ல உட்கார்ந்தியா?" அவள் குனிந்து சாம்பல்நிறக் கம்பியைப் பிடித்தாள்.

"இழுக்காதே. இழுத்தா இன்னிக்கு வேலை நடக்கும். மறுபடி செருகின அன்னிக்கு இதே வம்பு வரும். வரியைத்தான் எடுக்கணும்."

ஆடும் நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு திரும்பியது. எவேலியோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். திரையை ஒரு கணம் பார்த்தார், தன் மேசையையும் அங்கே காத்திருந்த மூன்று பேரையும். இரண்டு விரலால் பாஸ்வேர்டை அடித்து, தன் வரியைத் தானே அழித்தார்.

கோப்புறை திறந்தது. அறுபத்து நான்கு பக்கமும் எறும்பு வேகத்தில் ஊர்ந்து, மூன்று ஐம்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தன. "வந்துடுச்சும்மா" என்று வில்பெர்த் கத்தினான். பின்னாலேயே ஆசிரியையின் செய்தி: அடுத்த புத்தகம் திங்கட்கிழமை. நெரெய்தா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நாலு நாள் கோபம் இன்னும் தணியவில்லை.

எவேலியோ எழுந்திருக்கவில்லை. தலைவர் என்பதால் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்த தெருவலையின் அறிவிப்புப் பலகையைத் திறந்தார்.

"என்ன பண்ணுறே?"

"இப்ப நான் பார்த்துட்டேன்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"ஒஸ்மானிக்கு நான் ஒருநாள்கூட குறைக்கலை, நெரெய்."

மின்சாரம் போக ஐந்து நிமிடம் இருந்தது. அவர் இரண்டு விரலால் மெதுவாக அடித்தார், அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். 'முப்பது நாள் துண்டிப்பு. வீடு: எவேலியோ, நான்காம் மாடி. காரணம்: மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது.'

கீழே தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார். நெரெய்தா அதைப் பார்த்தாள். கையில் பென்சில் இருந்தது. திருத்தாமலே அதைக் காதில் செருகிக்கொண்டாள்.